அக்காவின் கடவுச்சொல்

நிரோஜனின் கலியாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. கனகலிங்கம் மாஸ்ரரின் மகள் சுதாஜினியைத் தம்பிக்குப் பேசி முடிக்கச் சிவரூபி நான்கு மாதமாக அக்கராயனுக்கும் கிளிநொச்சிக்கும் அலைந்ததையும், "கொம்பியூட்டர் திருத்துற பொடியனுக்கோ என்ர மகள்?" என்று முகம் சுளித்த மாஸ்ரர் கடைசியில் சிவரூபியின் முகத்துக்காகவே இறங்கி வந்ததையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால், அந்தச் சனிக்கிழமை காலையில் சிவரூபி கலியாணத்தை நினைக்கவில்லை. மேசையில் திறந்து கிடந்த தன் மடிக்கணினியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருடமாக அவள் கையில் இருந்த கணினி. எந்த மூலையில் எது இருக்கும் என்று பாராமலே தெரியும். இப்போது அதைத் திறந்தால் வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்ததுபோல் இருந்தது. இடது மூலையில் இருந்த தொடக்கப் பொத்தான் நடுவுக்கு வந்துவிட்டது. உள்ளே போக நான்கு இலக்கம் கேட்டது. வகுப்புவாரியாக அவள் அடுக்கிவைத்திருந்த மஞ்சள் கோப்புறைகள் திரையில் இல்லை. தேடிப் பிடித்து ஒன்றைத் திறந்தபோது தமிழே இல்லை. 'அம்மா' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஓர் எம், ஒரு கே, ஓர் அரைப்புள்ளி, திரும்பவும் ஒரு கே, ஓர் எச்.

தம்பிக்குப் போன் எடுத்தாள்.

"டேய், என்ர தமிழெல்லாம் இங்கிலிசாக் கிடக்கு."

"பாமினி எழுத்துரு போடேல்லை அக்கா. இப்ப ஆர் அதில அடிக்கினம்? யூனிகோட்டுக்கு மாறுங்கோவன்."

"திங்கட்கிழமைக்கு நூற்றிருபது பிள்ளையளின்ர அறிக்கை குடுக்கோணும். அதுக்குள்ள நான் புதுசா அடிச்சுப் பழகட்டோ?"

"சரி சரி, கோவிக்காதேங்கோ. எழுத்தை அனுப்பிவிடுறன். பைலெல்லாம் இருக்குத்தானே? முதல்ல எல்லாத்தையும் கடை ஹார்ட் டிஸ்க்கில இறக்கி வைச்சிட்டுத்தான் போர்மட் அடிச்சனான். பேந்து ஒண்டும் விடாமல் ஏத்தினனான். எல்லாம் பத்திரமா இருக்கும் அக்கா."

இந்த மாற்றமே அவனுடைய யோசனைதான். பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு வராது என்று திரையில் அடிக்கடி அறிவித்தல் வந்துகொண்டிருந்தது. "கதவில்லாத வீட்டில படுக்கிற மாதிரி அக்கா. தாங்கோ, புதுசு போட்டுத் தாறன்" என்று செவ்வாய் பின்னேரம் வந்து எடுத்துப்போனான். புதன் காலையில், பள்ளிக்கூடத்தில் அவள் கணக்குப் படிப்பிக்க வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், புதியதைத் திறக்க அவளுடைய மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வேண்டும் என்று கேட்டான். நடைபாதையில் நின்றபடியே ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். நேற்று, வெள்ளி பின்னேரம், துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தான்.

வயலுக்கு யூரியா எறிந்துவிட்டு வந்த கணவன் ஜெயந்தன், கால் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"என்ன, இன்னும் சண்டையோ?"

"எல்லாத்தையும் இடம் மாத்தி வைச்சிருக்கிறாங்கள்."

"உழவு மிஷினுக்குப் புது எஞ்சின் போட்டாலும் ஸ்ரியரிங் அதே இடத்திலதானே இருக்கும். இவங்கள் ஏன் இப்பிடிச் செய்யிறாங்கள்?"

சிவரூபிக்குச் சிரிப்பு வந்தது. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பத்து மணிக்குக் கிட்ட சுதாஜினியிடமிருந்து வட்ஸ்அப் வந்தது. தகப்பனுடைய ரியூசன் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அவளும் படிப்பிக்கிறாள். ஒரு படமும் கீழே இரண்டு வரியும்.

'அக்கா, அப்பா ஒன்பதாம் தரப் பிள்ளையளுக்குச் செய்யக் குடுத்த தாள். ஏழாவது எனக்கு வரவே இல்லை. கவராயத்தால கீறினால் ரெண்டு வில்லும் சந்திக்குதில்லை. ஒருக்காச் சொல்லித் தருவீங்களோ?'

சிவரூபி படத்தைப் பெரிதாக்கினாள்.

'ஒரு முக்கோண வடிவக் காணியின் பக்கங்கள் 40 மீற்றர், 50 மீற்றர், 100 மீற்றர் ஆகும். பொருத்தமான அளவிடையைக் கொண்டு அதனை வரைக.'

திரும்பவும் வாசித்தாள்.

அது அவள் எழுதிய கேள்வி. திங்கட்கிழமை ஆறு பாடசாலைகள் சேர்ந்து நடத்தும் தவணைப் பரீட்சையின் வினாத்தாள். இந்த முறை கணிதத் தாளைத் தயாரிக்கும் பொறுப்பை அவளிடம்தான் நம்பிக் கொடுத்திருந்தார்கள்.

அதைவிடக் கொடுமை, அந்த ஏழாவது கேள்வி பிழையான கேள்வி. கணினி தம்பியிடம் போகுமுன் வீட்டிலேயே ஒரு பிரதி அச்சிட்டு வைத்திருந்தாள். புதன் பின்னேரம் ஜெயந்தன் அதைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "நாப்பதும் அம்பதும் தொண்ணூறு. நூறு மீற்றர் வேலிக்கு மற்ற ரெண்டு கயிறும் எட்டாதே ரூபி. இப்பிடியொரு காணி ஒருத்தனிட்டயும் இருக்காது" என்றான். தலையில் அடித்துக்கொண்டாள். வியாழன் காலை பள்ளிக்கூட அதிபரின் அறையில் வைத்து, பென்ட்ரைவில் இருந்ததைத் திருத்தி அச்சிட்டு, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். வீட்டில் அச்சிட்டதை அடுப்பில் வைத்தாள்.

பிழையான தாள் மிஞ்சியிருந்தது ஓர் இடத்தில்தான். அந்த மடிக்கணினியில். அது செவ்வாயிலிருந்து வெள்ளிவரை இருந்ததும் ஓர் இடத்தில்தான்.

'இந்தத் தாள் எங்கால வந்தது?' என்று சுதாஜினிக்கு அனுப்பினாள்.

'தெரியேல்லை அக்கா. அப்பாட்டக் கேட்டுச் சொல்லுறன்.'

சேலை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டித் திறப்பை எடுத்தாள்.

"மழை இருட்டிக்கொண்டு வருது. எங்க போறீர்?" என்றான் ஜெயந்தன்.

"நிரோஜனிட்டப் போயிட்டு வாறன்."

"எழுத்துப் போடவோ?"

"ஓம்" என்றாள். கணவனிடம்கூடச் சொல்ல நாக்கு எழவில்லை.

வழி நெடுகத் தம்பிக்காக அவளே வாதாடிக்கொண்டு வந்தாள். கடைக்கு ஆயிரம் பேர் வந்து போவார்கள். யாராவது எடுத்திருப்பார்கள். அவன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் நடந்திருக்கும். கடையில் அவனைத் தவிர வேலைக்கு ஆளில்லை என்ற நினைப்பு வரும்போதெல்லாம் வேகத்தைக் கூட்டினாள்.

கண்டி வீதியோரம் இருந்த கடையில் நிரோஜனின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முல்லைத்தீவிலிருந்து வந்தவள், பர்வின் என்று பெயர். அவளும் பழைய கணினியை மாற்றத்தான் கொண்டுவந்திருந்தாள்.

"மகளுட கலியாணப் படமெல்லாம் இதுக்குள்ளதான் தம்பி. ஒண்டும் போயிராதே?"

"பயப்பிடாதேங்கோ. எல்லாத்தையும் முதல்ல இறக்கி வைச்சிட்டுத்தான் செய்வன். பத்திரமா இருக்கும்."

காலையில் தன்னிடம் சொன்ன அதே குரல். அதே நிதானம். பர்வின் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு, "உங்கட தம்பியோ? நல்ல பிள்ளை" என்று சிவரூபியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். 'ஒரு பிரதி வீட்டில வைச்சுக்கொண்டு குடுங்கோ' என்று சொல்ல வாயெடுத்தாள் சிவரூபி. வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

"என்னக்கா, பாமினிக்காக மழை வாற நேரத்தில வந்தனீங்களோ?"

"என்ர வினாத்தாளை மாஸ்ரருக்கு அனுப்பினனியோ?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "என்ன வினாத்தாள்?"

போனை நீட்டினாள். அவன் அதை வாங்காமலே பார்த்தான்.

"இது… இன்ரர்நெற்றில எங்கயாவது கிடந்திருக்கும். பழைய தாளுகள் எவ்வளவு வருது."

"இந்தப் பிழையை வேற ஆரும் விட்டிருக்க ஏலாது நிரோஜன். அது நான் விட்ட பிழை. உன்ர கையில தரேக்க லப்டொப்பில இருந்தது. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில திருத்திப்போட்டன். பிழையோட இருந்தது உன்னட்டை மட்டும்தான்."

வெளியே மழை விழத் தொடங்கியது. நிரோஜன் கதிரையில் உட்கார்ந்தான். மேசையில் பாதி கழற்றிக் கிடந்த ஒரு கணினியின் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடிக்குள் போட்டான்.

"மாஸ்ரர் கேட்கேல்லை அக்கா. சத்தியமாக் கேட்கேல்லை."

"பிறகு?"

"போன கிழமை அங்க போனனான். புது ரியூசன் சென்ரருக்குப் பிள்ளையள் ஓடுதுகள் எண்டு கவலைப்பட்டார். பேந்து, உன்ர அக்காதானே இந்த முறை தாள் போடுறா எண்டார். அவ்வளவுதான். அண்டைக்குத்தான் அவர் என்னை உள்ளுக்குக் கூப்பிட்டு, கதிரை தந்து, பக்கத்தில இருந்து கதைச்சவர். இவ்வளவு நாளும் என்னைக் கேற்றடியில வைச்சுத்தானே அனுப்பினவர்."

"அதுக்கு?"

"பைல் இறக்கேக்க கண்ணில பட்டுது." குரல் இறங்கிவிட்டது. "அனுப்பிப்போட்டன்."

இடம்பெயர்ந்து முகாமில் இருந்த வருடம் அவனுக்குப் பதின்மூன்று வயது, சிவரூபிக்கு இருபத்திரண்டு. தகப்பன் இல்லை, தாய் படுக்கையில். தண்ணீர் ஓடும் கூடாரத் தரையில் பலகை போட்டு அவனுக்குப் பின்னக்கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவளுடைய இந்தக் கணினியில்தான் அவன் கழற்றவும் பூட்டவும் பழகினான். அவனிடம் எதையும் அவள் பூட்டி வைத்ததில்லை. பூட்டவேண்டும் என்று தோன்றியதே இல்லை.

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டாத் தந்திருப்பீங்களோ?"

"இல்லை."

"அதுதான்" என்றான் நிரோஜன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஒரு சொல்தான் அவளை உடைத்தது. கை தவறிச் செய்த காரியம் அல்ல. அவள் மறுப்பாள் என்று தெரிந்தே, கேட்காமல் எடுத்திருக்கிறான்.

அவன் எழுந்து வந்தான். "அக்கா, இஞ்ச பாருங்கோ. திருத்தின தாள்தானே திங்கள் வருது? பார்த்தவை ஒரு வகுப்புப் பிள்ளையள். ஆருக்கும் தெரியப் போறதில்லை. சுதாஜினியின்ர மெசேஜை அழிச்சுப்போடுங்கோ. பத்தொன்பது நாள்தானே இருக்கு."

"ஒரு கேள்விதானடா வித்தியாசம். மற்றதெல்லாம் அப்பிடியே வருது. ஆறு பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எழுதுகினம்."

"எனக்காக எவ்வளவோ விட்டுக்குடுத்தனீங்கள். இதையும்…"

"அதெல்லாம் நான் தந்தது. இது நீ எடுத்தது."

மழைக்குள் இறங்கிப் போனாள். நான்கு கடை தள்ளி ஒரு தையற்கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, வினாத்தாள் குழுவுக்குப் பொறுப்பான அதிபர் விமலேஸ்வரிக்குப் போன் எடுத்தாள். மூன்றாவது தடவை மணி அடிக்கும்போது வைத்துவிடலாமா என்று நினைத்தாள். தம்பியின் கலியாண அழைப்பிதழ் அவள் கைப்பைக்குள்தான் இருந்தது. முதல் அழைப்பே இந்த அதிபருக்குத்தான் கொடுப்பதாக இருந்தது.

"சொல்லும் சிவரூபி."

"ரீச்சர், கணிதத்தாள் வெளியில போயிட்டுது."

"என்ன சொல்லுறீர்?"

"என்ர கொம்பியூட்டரில இருந்துதான் போனது. சிஸ்டம் மாத்தக் குடுத்த இடத்தில எடுத்திருக்கு."

"ஆர் எடுத்தது?"

தையற்கடைக்குள் ஒரு மெஷின் ஓடி நின்றது.

"என்ர தம்பி."

"தாளை உள்ளுக்கு வைச்சுக்கொண்டே குடுத்தனீரோ?"

"ஓம் ரீச்சர். தம்பிதானேயெண்டு…"

விமலேஸ்வரி பெருமூச்சு விட்டது கேட்டது. "எவ்வளவு நம்பி உம்மட்டத் தந்தனாங்கள். சரி, திங்கட்கிழமைத் தாளை நான் நிப்பாட்டுறன். நாளைக்குப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாரும். நடந்ததை எழுதிக் கொண்டு வாரும். கொம்பியூட்டரையும் கொண்டு வாரும்."

போனை இறக்கியபோது அவளுக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொல்லியாயிற்று. இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது.

அது ஐந்து நிமிடம் நிலைத்தது.

சுதாஜினி கோல் எடுத்தாள். "அக்கா, அப்பாட்டக் கேட்டனான். என்னக்கா நீங்கள், எனக்கே விளையாட்டுக் காட்டுறீங்கள்! நீங்கள்தானாமே அனுப்பினது?"

"ஆர் சொன்னது?"

"அப்பாதான். உங்கட ஈமெயிலில இருந்து வந்ததாம். காட்டினவர். உங்கட பேர்தான் போட்டிருக்கு. எங்கட சிவரூபி எவ்வளவு நல்ல பிள்ளை பார், சொந்தமாகப் போறமெண்டு இப்பவே யோசிக்கிறா எண்டு அப்பாவுக்குச் சரியான சந்தோசம். நான்தான், இது முந்தின வருசத்துத் தாளோ எண்டு… அக்கா? அக்கா, கேட்குதோ?"

"பேந்து எடுக்கிறன் சுதாஜினி."

ஈரக் கையால் போனைத் துடைத்து மின்னஞ்சலைத் திறந்தாள். அனுப்பியவை இருக்கும் இடத்துக்கு அவள் போய்ப் பார்த்து எத்தனையோ மாதம். மேலேயே இருந்தது. புதன்கிழமை, காலை பத்து ஐம்பது. அவள் வகுப்பில் நின்ற நேரம். நடைபாதையில் நின்று கடவுச்சொல்லைச் சொல்லி அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.

'மாஸ்ரர், இது எங்கட பிள்ளையளுக்காக. ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம். – சிவரூபி.'

மூன்று முறை வாசித்தாள். கையெழுத்தைக் கள்ளமாகப் போட்டிருந்தால்கூட எங்கேயாவது ஒரு கோணல் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. அவளுடைய பெயர், அவளுடைய முகவரி. பார்ப்பவர்களுக்கு இது அவளேதான்.

கடையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவன் இதை மட்டும் சொல்லவில்லை.

அவனுக்கு எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் எடுத்தாள். போன் நிறுத்தப்பட்டிருந்தது. மழைக்கூடாகத் திரும்பிப் பார்த்தாள். சனிக்கிழமை நடுமத்தியானம், அவன் கடையின் இரும்புக் கதவு இழுத்து மூடப்பட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சேரும்போது மூன்று மணி. தெப்பமாக நனைந்திருந்தவளைப் பார்த்து ஜெயந்தன் துவாயோடு ஓடிவந்தான். இப்போது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கதிரையின் நுனியில் இருந்து, ஒன்றும் விடாமல். நிரோஜனின் பெயர் வந்தபோது அவன் பல்லைக் கடித்தான்.

"நாளைக்கு நானும் வாறன்" என்றான். "பத்து மணிக்குத்தானே? ரெண்டு பேருமாப் போவம். நடந்ததை நான் சொல்லுறன். அந்தப் பிழையைக் கண்டுபிடிச்சதே நான்தானே."

அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. போனை அவனிடம் நீட்டினாள்.

"இதையும் பாருங்கோ. என்ர பேரில போட்டிருக்கிறான்."

ஜெயந்தன் வாங்கி வாசித்தான். கண்ணைச் சுருக்கி, திரையைக் கிட்டப் பிடித்து இன்னொரு தடவை வாசித்தான். தேதியைப் பார்த்தான். பெயரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ மெல்ல மாறுவதைச் சிவரூபி கண்டாள்.

அவன் போனை மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தணித்தான். கோபமில்லாத, அன்பான குரல்.

"ரூபி, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். தம்பிக்கெண்டா நீர் என்னவும் செய்வீர் எண்டு எனக்குத் தெரியும். என்னட்ட மட்டும் உண்மையைச் சொல்லும். நீர்தானோ குடுத்தது?"

சிவரூபி அவனையே பார்த்தாள். தலையிலிருந்து வடிந்த தண்ணீர் கழுத்தால் இறங்கியது. துவாயை மடித்துக் கதிரைக் கைப்பிடியில் போட்டாள். எழுந்து போய் மடிக்கணினியை மூடி, அதன் பைக்குள் வைத்து இழுத்துப் பூட்டினாள்.

"நாளைக்கு நீங்கள் வரவேண்டாம்" என்றாள். "நான் தனியப் போறன்."